கொத்துக் கள்ளிகளும் ஒரு பழைய நூலும்

கள்ளிச் செடிகளை முறையாகக் கற்க விரும்பும் மாணவர் எவரும் ‘தி காக்டேசியே’ என்னும் ஆங்கில நூலை ஒருநாள் சந்தித்தே தீருவர். அமெரிக்கத் தாவரவியலார் பிரிட்டன், ரோஸ் இருவரும் எழுதிய இதனை வாஷிங்டன் கார்னகி நிறுவனம் 1919 முதல் 1923 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. நூறாண்டு கடந்த இந்நூலை இன்று எவ்வளவு நம்பலாம்? கொத்தாக வளரும் சிறு கள்ளிகளைக் கொண்டே சோதித்துப் பார்ப்போம்.

முதலில் நிறைகள். ஆசிரியர்கள் உலர்ந்த மாதிரிகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. செடிகள் வளரும் நிலங்களுக்கே சென்று பார்த்தனர். மேரி ஈட்டன் வரைந்த வண்ணப் படங்கள் இன்றும் கண்ணைக் கவர்வன.

இனிக் குறைகள். ஒரு செடி ‘தனித்தது’ அல்லது ‘கொத்தானது’ என்ற ஓரிரு சொற்களிலேயே வளரும் முறை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கொத்து எப்படி உண்டாயிற்று? மெக்சிகோவின் மாமில்லேரியாக்களைப் பாருங்கள். இவற்றின் உடல் முழுதும் சிறு குமிழ்கள் இருக்கும். குமிழின் நுனியில் முட்கள். குமிழ்களின் இடுக்கில் பூக்கள். எலாங்கேட்டா என்னும் இனம் பக்கக் கன்றுகளை ஈன்று, விரல்களை நெருக்கி நிறுத்தியது போல் வளர்கிறது. கிராசிலிஸ் என்பதன் கன்றுகள் கை பட்டாலே உதிர்ந்து, விழுந்த இடத்தில் வேர்விடுகின்றன. பார்க்கின்சோனியோ கன்று ஈனாமலே பெருகவல்லது. அதன் வளர்நுனியே இரண்டாகப் பிளந்து, ஒரு தலை இரு தலையாகிறது. பார்வைக்கு எல்லாம் கொத்துதான். வளர்ந்த வழி வேறு. மேலும், இளமையில் தனித்து நிற்கும் செடி முதுமையில் கொத்தாகலாம். நுனி காயப்பட்டாலும் கன்றுகள் தோன்றலாம்.

இதைவிடப் பெரிய குறை, உருவத்தைக் கொண்டே உறவை முடிவு செய்தது. நம் ஊர்ச் சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் தமிழில் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் முன்னது ஆமணக்கின் குடும்பம், பின்னது அமெரிக்காவிலிருந்து வந்த உண்மையான காக்டஸ். உருவ ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாதது போலவே, உருவ வேற்றுமையும் பிரிவுக்குச் சான்றாகாது.

அர்ஜென்டினாவில் நிலக்கடலை போன்ற சிறு தண்டுகளுடன் தரையில் படரும் கள்ளி ஒன்று உண்டு. அதன் தோற்றம் தனியாக இருந்ததால், 1922இல் காமேசீரியஸ் என்ற தனிப் பேரினத்தையே அதற்காக ஆசிரியர்கள் படைத்தனர். ஆனால் உருண்டை வடிவ லோபிவியாக்களுடன் அது எளிதில் கலந்து கலப்பினம் தருகிறது. பின்வந்தோர் சிலர் அதனை லோபிவியாவிலும், சிலர் எக்கினாப்சிஸிலும் சேர்த்தனர்.

ஆயினும் அவர்கள் எங்குமே தவறினர் என்று எண்ணிவிடாதீர்கள். நீண்ட சிவப்புப் பூக்களைக் கொண்ட கோக்கிமியாவை மாமில்லேரியாவினின்று அவர்கள் பிரித்தே வைத்தனர். பிற்காலத்தார் பலர் அதை ஏற்காமல் இரண்டையும் இணைத்தனர். 2021இல் வெளியான மரபுப்பொருள் ஆய்வு, கோக்கிமியா தனிக் கிளையே என்று காட்டியது. ஆனால் சிவப்புக் குழாய்ப்பூ இல்லாத பல செடிகளும் அக்கிளையைச் சேர்ந்தவை என்றது. பிரித்தது சரி, கோடு கிழித்த இடம்தான் பிழை.

அவர்கள் காலத்தில் மரபுப்பொருளைப் படிக்கும் வழி இல்லை. எனவே பழியை அவர்கள்மேல் சுமத்துவது நியாயமன்று. அவர்கள் வைத்த பெயர்களை ஆராயாமல் இன்றும் ஒப்பிப்போர்மேல்தான் சுமத்த வேண்டும். மாணவர்களே, இந்நூலைக் கண்டால் விடாமல் படியுங்கள். அவர்கள் கண்டதை நம்புங்கள். அதிலிருந்து அவர்கள் கொண்ட முடிவைச் சோதித்த பின்னரே ஏற்றுக்கொள்ளுங்கள்.