அன்பரின் முகம் பூண்ட பகை: ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களில் உருமாற்று வஞ்சம்

முன்னுரை

பகைவனை வெல்ல வாளெடுப்பது ஒரு வழி. அவன் நேசிக்கும் ஒருவரின் முகத்தை அணிந்து அவன்முன் நிற்பது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழியைக் கதை கூறுவோர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளனர். இக்காலத்தில் அவ்வுத்தி மிகுதியாக இடம்பெறும் களங்களுள் ஒன்று அசைவூட்டத் தொடர்களாகும். நம் மாணவர்கள் விரும்பிக் காணும் அத்தொடர்களைத் திறனாய்வின் எல்லைக்குப் புறம்பானவை என ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. மாந்தர் உள்ளத்தைக் குறித்து ஆழ்ந்து சிந்திக்கும் படைப்பு எவ்வடிவில் வரினும் ஆய்வுக்குரியதே என நாம் கருதுகிறோம்.

உருமாற்று வஞ்சம் இடம்பெறும் கதைகளில் பார்வையாளர் பொதுவாகக் கேட்கும் வினா, 'மெய்யானவர் யார், பொய்யானவர் யார்?' என்பதாகும். கண்டுபிடித்துவிட்டால் வஞ்சம் முறிந்துவிடும் என்பது அவ்வினாவின் பின்னுள்ள நம்பிக்கை. அந்நம்பிக்கை முழுமையானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. இவ்வஞ்சம் தாக்குவது கண்ணை அன்று, அன்பின் பழக்கத்தை. ஆதலின் 'இவர் யார்?' என்னும் வினாவோடு, 'இந்த முகம் நம்மிடம் எதைக் கேட்கின்றது?' என்னும் வினாவையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும். எய்ச்சிரோ ஓடாவின் படக்கதையினின்று உருவாகி 1999 இல் ஒளிபரப்புத் தொடங்கிய 'ஒன் பீஸ்', ஹிரோமு அரக்காவா 2001 முதல் 2010 வரை எழுதி வரைந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' ஆகிய இரண்டையும் இங்கு எடுத்துக்கொள்கிறோம். பின்னதற்கு இரு அசைவூட்ட வடிவங்கள் உள. அவற்றுள் மூலக்கதையை இறுதிவரை தழுவிச் செல்லும், 2009-2010 இல் ஒளிபரப்பான 64 பகுதிகள் கொண்ட வடிவமே இங்கு நோக்கப்படுகின்றது.

குறியின் பயனும் எல்லையும்

'ஒன் பீஸ்' தொடரின் அலபாஸ்டா கதைப்பகுதியில் போன் கிளே என்னும் உருமாறி வருகின்றான். தன் வலக்கையால் ஒருவரது முகத்தை ஒருமுறை தொட்டுவிட்டால், பின்னர் வேண்டும்போதெல்லாம் அவரது தோற்றத்தை மேற்கொள்ளும் ஆற்றல் அவனுக்கு உண்டு. அவன் அலபாஸ்டா நாட்டு மன்னர் கோப்ராவின் உருவில் நானோஹானா நகருள் புகுந்து, நாட்டின் மழையைக் கவர்ந்தவன் தானே என அறிவித்து, படையினரைக் கொண்டு நகரைச் சீரழிக்கின்றான். கிளர்ச்சியாளர் கொதித்தெழுகின்றனர். ஒரு தந்தையின் முகம், ஒரு நாட்டின் நம்பிக்கைக்குரிய முகம், உள்நாட்டுப் போருக்குத் தீப்பொறியாகின்றது. தனியொருவரை ஏய்க்கும் உத்தி இங்கு ஒரு குடிமக்கள் கூட்டத்தையே ஏய்க்கும் அரசியல் கருவியாக விரிவடைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வாற்றலை முன்னரே அறிந்துகொண்ட கதைத்தலைவனின் குழுவினர் ஓர் உபாயம் செய்கின்றனர். ஒவ்வொருவரும் இடக்கையில் துணியைச் சுற்றிக்கொள்கின்றனர். துணிக்குக் கீழே பெருக்கல் குறி ஒன்றை வரைந்துகொள்கின்றனர். துணியை மட்டும் கண்டு போலி செய்பவன் உள்ளிருக்கும் குறியை அறியான். எளிய உபாயமாயினும் பயன் தருகின்றது. ஆயினும் குறி தீர்க்க இயலாத இக்கட்டு ஒன்று பின்னர் எழுகின்றது. சஞ்சி என்னும் சமையற்காரன் போன் கிளேவுடன் பொருதுகின்றான். பகைவன் நாமியின் முகத்தை மேற்கொள்கின்றான். எதிரில் நிற்பவள் நாமி அல்லள் என்பது சஞ்சிக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அவனால் உதைக்க இயலவில்லை. உண்மை தெரிந்துவிட்டது, வஞ்சமோ முறியவில்லை.

இவ்விடத்தில் கதாசிரியர் தாம் எழுப்பிய சிக்கலை முழுதும் எதிர்கொள்ளவில்லை என்பது நம் மதிப்பீடு. பிறர் உடலை மேற்கொண்டிருக்கும்போது போன் கிளேவால் தனக்குரிய போர்க்கலையைப் பயன்படுத்த இயலாது. தாக்குவதற்கு அவன் தன்னுருவுக்குத் திரும்பியாக வேண்டும். இதனை உய்த்துணர்ந்த சஞ்சி அந்நொடியைப் பயன்படுத்தி வெல்கின்றான். அறிவுக்கூர்மைக்கு இது நல்ல சான்று. ஆனால் அன்பரின் முகத்தை அடிக்கவேண்டிய நிலை வந்திருப்பின் அவன் என்ன செய்திருப்பான் என்னும் வினா விடையின்றி நின்றுவிடுகின்றது.

அறிந்தும் தயங்கிய கை

அவ்வினாவுக்கு 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' அஞ்சாமல் விடை கூறுகின்றது. இதில் வரும் உருமாறியின் பெயர் என்வி. அழுக்காறு என்பது அதன் பொருள். அரசின் மறைவான சதியைக் கண்டறிந்த ஹியூஸ் என்னும் படை அதிகாரி, தம் நண்பர் மஸ்டாங்குக்குச் செய்தி சொல்லத் தொலைபேசிக் கூண்டுக்கு விரைகின்றார். அங்கு மரியா ராஸ் என்னும் பெண் அதிகாரியின் உருவில் என்வி துப்பாக்கியுடன் நிற்கின்றது. அப்பெண்ணின் இடக்கண்ணின் கீழிருக்க வேண்டிய மச்சம் இல்லாததை ஹியூஸ் உடனே காண்கின்றார். கண்டறிதலில் அவர் வென்றுவிட்டார். கத்தியை எறியத் திரும்புகின்றார். அந்நொடியில் என்வி அவருடைய மனைவி கிரேசியாவாக மாறுகின்றது. கை தயங்குகின்றது, துப்பாக்கி வெடிக்கின்றது.

உருமாற்றம் தம் கண்முன்னே நிகழ்வதை ஹியூஸ் அறிவார். எதிரில் இருப்பது மனைவி அன்று என்பதில் அவருக்கு ஐயம் சிறிதும் இல்லை. ஏமாறாதவர் ஒருவர் தோற்கின்றார் என்பதே இக்காட்சியின் தனிச்சிறப்பு. அந்த முகம் அவரிடம் எதனையும் கேட்கவில்லை, வெறுமனே தோன்றியது. பல்லாண்டுக் காலம் அம்முகத்தை நோக்கி அன்பு செய்தே பழகிய கை, அறிவின் ஆணையைக் கேட்பதற்கு ஒரு நொடி தாமதித்தது. இதனை அவரது குறையாகப் படைப்பு யாண்டும் காட்டவில்லை. அத்தயக்கம் இல்லாதவராக இருந்திருப்பின் அவர் நாம் நேசிக்கும் ஹியூஸாக இருந்திருக்க மாட்டார்.

முகம் கேட்பது என்ன?

முகம் வாய்திறந்து ஒன்றைக் கேட்கும்போது நிலைமை வேறாகின்றது. இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளங்கிக்கொள்ளக் கம்பராமாயணம் துணை செய்கின்றது. யுத்த காண்டத்தின் மாயாசனகப் படலத்தில், மகோதரன் கூறிய சூழ்ச்சியின்படி மருத்தன் என்னும் அரக்கன் சனகனது உருக்கொண்டு சீதையின்முன் நிறுத்தப்படுகின்றான். இராவணனுக்கு இசைந்துவிடுமாறு அவன் சீதையிடம் வேண்டுகின்றான். வான்மீகத்தில் இல்லாத நிகழ்ச்சி இது. சீதை அவனைத் தன் தந்தை என்றே கருதிப் புலம்புகின்றாள். ஆயினும் அவன் கூறிய அறிவுரையைக் கேட்டதும் சினந்து கடிந்துரைக்கின்றாள். அவன் மருத்தன் என்னும் உண்மையைத் திரிசடை வாயிலாக அவள் அறிவது அதன் பின்னரே.

ஹியூஸ் அறிந்தும் தோற்றார். சீதை அறியாமலே வென்றாள். இந்த எதிர்நிலையே நம் வாதத்திற்கு அடிப்படை. சீதை முகத்தை ஆராயவில்லை. முகம் கேட்டதை ஆராய்ந்தாள். அதே சீதை, ஆரணிய காண்டத்தில் இராமனது குரலில் மாரீசன் எழுப்பிய ஓலத்துக்கு ஏமாந்தவள் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அக்குரல் கேட்டது உதவியை. அன்பு தானே முன்வந்து செய்ய விழையும் ஒன்றை. மாயாசனகன் கேட்டதோ உண்மையான தந்தை ஒருபோதும் கேட்கக்கூடாத ஒன்றை. அன்புக்கு இசைவானதைக் கேட்கும் போலியே மிகக் கொடியது. அறத்துக்கு மாறானதைக் கேட்கும் போலி தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

உறவின் அறிவும் முகமறுத்தலின் விலையும்

'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' தொடரின் பிற்பகுதியில் என்வி இரு முறை இதே உத்தியை மீண்டும் கையாள்கின்றது. முதலில், நண்பரின் கொலைக்குப் பழிவாங்க வந்த மஸ்டாங்கின்முன் இறந்துபோன ஹியூஸாகவே உருமாறி நிற்கின்றது. மஸ்டாங் சற்றும் தயங்காமல் அவ்வுருவை எரிக்கின்றார். இதனை வெற்றி என்று கொள்ளலாமா? கொள்ளுதல் கூடாது என்பதே படைப்பின் குறிப்பு. நண்பரின் முகத்தைக் கண்டும் அசையாத அளவுக்கு அவர் வெறுப்பால் இறுகிவிட்டிருந்தார். அவரைப் பழியுணர்ச்சியினின்று மீட்க, அவருடைய உதவி அதிகாரியான ரிசா ஹாக்ஐ அவர் முதுகுக்குப் பின்னே துப்பாக்கியை நீட்ட நேர்கின்றது. முகத்தை மறுக்கும் வலிமைக்கு விலை உண்டு என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலாது.

மற்றொன்று, அப்பழிவாங்கலின் இடையே என்வி மஸ்டாங்கின் உருவில் ஹாக்ஐயை அணுகியது. அவர் துப்பாக்கியை நீட்டி, தாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது தம்மை 'ரிசா' என்று பெயர் சொல்லி அழைப்பதே அவர் வழக்கம் என்கின்றார். அகப்பட்டுக்கொண்டோம் என எண்ணி என்வி தன்னை வெளிப்படுத்திக்கொள்கின்றது. ஹாக்ஐ கூறியது பொய். அப்படியொரு வழக்கமே இல்லை. வஞ்சத்தை அவர் வஞ்சத்தாலேயே வெல்கின்றார். மச்சத்தைப் போலி செய்ய இயலும். உறவின் உள்ளே எது உண்டு, எது இல்லை என்பதைப் போலி செய்ய இயலாது.

என்வியின் முடிவும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றது. மாந்தரின் பற்றினை இழிவாகப் பேசிய அவ்வுருமாறி, உண்மையில் மாந்தர்மேல் அழுக்காறு கொண்டிருந்தது என்பதைக் கதைத்தலைவன் எட்வர்ட் உணர்ந்து கூறுகின்றான். அவ்வாறு உணரப்பட்டதைத் தாங்கமாட்டாமல் அது தன் உயிர்நிலையான கல்லைத் தானே அழித்து மடிகின்றது. எத்தனையோ முகங்களை அணிந்த அதற்கு, தன்னை நேசிக்கும் முகம் ஒன்றேனும் இல்லை.

முடிவுரை

இவ்வாய்வு வகுப்பறைக்குப் புறம்பான ஒன்றன்று. 2020களில் செயற்கை நுண்ணறிவால் ஒருவரது குரலையும் முகத்தையும் போலி செய்தல் எளிதாகிவிட்டது. உறவினர் குரலில் வரும் அழைப்பை நம்பிப் பணத்தை இழக்கும் இடர் நம் இல்லங்களுக்கும் உண்டு. குடும்பத்தினர் தமக்குள் ஓர் மறைசொல்லை வைத்துக்கொள்ளுமாறு கூறப்படும் அறிவுரை, துணிக்குக் கீழே வரையப்பட்ட அந்தப் பெருக்கல் குறியே அன்றி வேறன்று. அது வேண்டுவதே, ஆனால் போதியதன்று. மாரீசனின் ஓலத்தைப் போல உதவி கேட்டு வரும் குரலின்முன் நின்று நிதானிக்கும் பயிற்சியும், மாயாசனகனின் சொல்லைப் போல் தகாததைக் கேட்கும் குரலை மறுக்கும் துணிவும் மாணவர்க்கு வேண்டும். இவ்விரு படலங்களையும் கற்பிக்கும் ஆசிரியர், மாணவர் ஏற்கெனவே அறிந்த ஹியூஸின் கதையிலிருந்து தொடங்கலாம்.

அந்தக் குறியைப் பற்றி இறுதியாக ஒன்று. அலபாஸ்டாவை விட்டுக் கப்பல் புறப்படும்போது, கரையில் நின்று இளவரசி விவி, மீண்டும் சந்தித்தால் தன்னைத் தோழியாக ஏற்பீர்களா எனக் கேட்கின்றாள். கடற்படையினர் நோக்கியிருப்பதால் குழுவினர் வாய்திறந்து விடை கூற இயலாது. திரும்பி நின்று, இடக்கையை உயர்த்தி, அப்பெருக்கல் குறியைக் காட்டுகின்றனர். ஐயத்தின் பொருட்டு வரையப்பட்ட குறி அன்பின் குறியாகிவிடுகின்றது. போலிகளுக்கு அஞ்சி ஒருவரையொருவர் ஐயுறக் கற்றுக்கொள்ளும் இக்காலத்தில், நாம் செய்துகொள்ளும் காவல்களும் அவ்வாறு மாறுதல் இயலும் என்பதை அக்காட்சி நமக்கு உணர்த்துகின்றது.