எங்கள் நிலமா, நம் நிலமா?
ஜேம்ஸ் விரிகுடா ஆற்றுத் திருப்பத் திட்டமும் மொழிபெயர்ப்பின் பொறுப்பும்

1. முன்னுரை

ஆறுகளைத் திசைதிருப்பும் பெருந்திட்டங்களைப் பொறியியலாரும் பொருளியலாரும் சூழலியலாரும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அத்திட்டங்களை எதிர்த்த தொல்குடியினர் எம்மொழியில் பேசினர், அவர்தம் பேச்சு எம்மொழியில் பதிவாயிற்று, இவ்விரண்டிற்கும் இடையில் எது விடுபட்டது என்னும் வினாக்கள் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியவை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் கிரீ மக்கள் நடத்திய போராட்டத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1971 ஏப்ரல் இறுதியில் அம்மாநில முதல்வர் ரோபேர் பூராசா ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டத்தை அறிவித்தார். அங்கு வாழும் கிரீ மக்களிடமும் இனுயிட் மக்களிடமும் முன்னதாகக் கருத்துக் கேட்கப்படவில்லை. ஈஸ்ட்மெய்ன், கனியாபிஸ்காவ் ஆகிய ஆறுகளின் நீரை லா கிராண்ட் ஆற்றுக்குத் திருப்புவது திட்டத்தின் மையக்கூறு. இதனால் லா கிராண்ட் ஆற்றின் நீரோட்டம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. ஈஸ்ட்மெய்ன் ஆற்றின் கழிமுகத்திலோ பத்தில் ஒரு பங்களவே எஞ்சியது.

2. உறுதிமொழியும் சான்றுரையும்

கிரீ மக்கள் தொடுத்த வழக்கு 1972 டிசம்பரில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் நீதிபதி ஆல்பர்ட் மலூஃப் முன் நடைபெற்றது. வேட்டையாடிகள் தம் மொழியில் சான்றுரைத்தனர். உரைபெயர்ப்பாளர் வழியாகவே நீதிமன்றம் அவற்றைக் கேட்டது. 1973 நவம்பர் 15இல் மலூஃப் திட்டப்பணிகளுக்குத் தடை விதித்தார். ஒரு வாரத்திற்குள் மேல்முறையீட்டு மன்றம் அத்தடையை நிறுத்தி வைத்தது.

இவ்விசாரணையைப் பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. உண்மையைக் கூறுவதாக உறுதியளிக்குமாறு கேட்கப்பட்ட வேட்டையாடி ஒருவர் தயங்கினார் என்றும், தாம் அறிந்ததை மட்டுமே கூற இயலும் என்று விடையிறுத்தார் என்றும் கூறுவர். ஜேம்ஸ் கிளிஃபோர்ட் 1986இல் வெளிவந்த ‘இனவரைவியல் எழுத்து’ பற்றிய தொகுப்பின் முன்னுரையில் இதனை எடுத்தாண்ட பின்னர், முழு உண்மை எவர்க்கும் எட்டாதது என்பதற்கான உவமையாக இது கல்வியுலகில் வழங்கலாயிற்று.

இவ்வாறு எடுத்தாள்வோர் இந்நிகழ்ச்சியின் மொழிக்கூறு ஒன்றைக் கருதாது செல்கின்றனர். கிழக்குக் கிரீ மொழியின் வினையமைப்பில், பேசுபவர் தாமே நேரில் அறியாத செய்தியைக் குறிக்கவும் ஐயத்தைக் குறிக்கவும் தனித்தனி விகுதி வரிசைகள் உள்ளன. தமிழில் ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதனோடு ஒப்பிடலாம். தமிழில் ‘ஆம்’ என்பது சேர்க்கவும் விடவும் கூடிய இடைச்சொல். கிரீ மொழியிலோ அவ்வேறுபாடு வினைத்திரிபுக்குள்ளேயே இடம் பெற்றுள்ளது. அறிந்த வழியைப் பிரித்துக் காட்டும் இத்தகைய வடிவங்கள் ஆங்கிலத்திற்கோ பிரெஞ்சுக்கோ பெயர்க்கப்படும்போது எளிதில் மறைந்துவிடுகின்றன. ‘தந்தை அங்கு வேட்டையாடினார்’ என்னும் தொடர், கண்டு கூறியதா கேட்டுக் கூறியதா என்பது நிலவுரிமை வழக்கில் சிறு செய்தியன்று.

இலக்கணமே அம்முதியவரை அவ்வாறு பேச வைத்தது என்று கூறிவிடவும் இயலாது. மொழியமைப்பிலிருந்து சிந்தனையை நேரே வருவிப்பது ஏற்புடைய முறையன்று. கிரீ மரபில் நடந்தவற்றைக் கூறும் செய்தியுரைக்கும் பழங்கதைக்கும் வெவ்வேறு பெயர்கள் உண்டு. எவ்வகை உரையை எவர் எவ்வளவு பொறுப்பேற்றுக் கூறலாம் என்பது பேச்சு வழக்காற்றின்பாற்பட்டது. ஆகவே அவரது தயக்கத்தை மெய்யியல் உவமையாகக் கொள்வதினும், நீதிமன்றம் வேண்டிய உரைவகைக்கும் அவர் அறிந்த உரைவகைக்கும் இடையே நேர்ந்த முரணாகக் கொள்வதே பொருத்தமாகும்.

3. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை

அல்கோங்கிய மொழிகளில் கேட்போரை உளப்படுத்தும் தன்மைப் பன்மையும் உளப்படுத்தாத தன்மைப் பன்மையும் வேறுவேறு. தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என வழங்குவதும் இவ்வேறுபாடே. கியூபெக்–லாப்ரடார் பகுதியில் வாழும் இன்னு மக்கள் தம் நாட்டை ‘நிதஸ்ஸினான்’ என அழைக்கின்றனர். இதற்கு ‘எங்கள் நிலம்’ என்பதே பொருள். ‘நம் நிலம்’ என்பதன்று. அண்டையிலுள்ள அதிகமேக் மக்கள் வழங்கும் ‘நிதஸ்கினான்’ என்னும் பெயரும் அத்தகையதே.

ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான். நிலத்தைப் பகிர்ந்துகொள்ள அழைக்கும் கூற்றும், நிலத்தின்மேல் தனியுரிமை கோரும் கூற்றும் அம்மொழிகளில் ஒரே வடிவம் பெறுகின்றன. சான்றுரைகளை ஆங்கிலப் பதிவின் வழியாக மட்டும் கற்போர், பேசியவர் நீதிபதியைத் தம்முள் சேர்த்துப் பேசினாரா விலக்கிப் பேசினாரா என அறிய வழியில்லை. தமிழில் பெயர்ப்போர்க்கு இவ்விரு வடிவங்களும் கைவசம் உள்ளன. எனினும் ஆங்கில வழியாகப் பெயர்க்கும்போது எதனைத் தெரிவது என்பது ஊகமாகவே முடியும். மூலமொழியை நாடாத மொழிபெயர்ப்பு, தன் மொழி இயல்பாகத் தரும் நுட்பத்தையும் பயன்படுத்த இயலாமற்போகிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

4. கணக்கரும் தலைவரும்

1975 நவம்பர் 11இல் ஜேம்ஸ் விரிகுடா – வடகியூபெக் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தொல்குடியினர் தம் நில உரிமைகளையும் கோரிக்கைகளையும் விட்டுக்கொடுத்து ஒப்படைப்பதாக அதன் இரண்டாம் பிரிவு கூறுகிறது. ஈடாக வரையறுத்த நிலங்களும் வேட்டை உரிமைகளும் இழப்பீடும் கிடைத்தன.

இவ்வுடன்படிக்கையில் வேட்டைப் பகுதி ஒவ்வொன்றிற்கும் பொறுப்பான கிரீ மூத்தவரைக் குறிக்க ஆளப்பட்ட ஆங்கிலச் சொல்லுக்கு ‘எண்ணிக் கணக்கிடுபவர்’ என்பதே நேர்ப்பொருள். பீவர் காப்பிடங்கள் ஏற்படுத்தப்பட்ட காலத்தில், பீவர் வளைகளை எண்ணி அரசுக்குத் தெரிவித்தோரைச் சுட்ட வந்த சொல் இது. கிரீ மக்களோ அவரை ‘உச்சிமாவு’, அதாவது தலைவர் என்கின்றனர். எவ்விடத்தில் எவ்வாண்டு வேட்டையாடலாம், எதனை ஓய விடலாம் என முடிவு செய்பவர் அவர். மானிடவியலார் ஹார்வி ஃபெயிட் இம்முறையை விரிவாக ஆராய்ந்துள்ளார். கணக்கர் என்னும் சொல் தகவல் தருபவரை நினைவூட்டுகிறது. தலைவர் என்னும் சொல் ஆளுகையை உணர்த்துகிறது. உடன்படிக்கை அவரது பொறுப்பை ஏற்றுக்கொண்ட போதிலும், தேர்ந்த சொல் அப்பொறுப்பின் தோற்றுவாயை அரசின்பாற் சார்த்திவிடுகிறது.

5. நீரில் மூழ்கிய பெயர்கள்

கனியாபிஸ்காவ் நீர்த்தேக்கம் நிறைந்தபோது மலைகள் மூழ்கி, அவற்றின் முகடுகள் தீவுகளாயின. 1997இல், பிரெஞ்சு மொழிச் சட்டத்தின் இருபதாம் ஆண்டை முன்னிட்டு, கியூபெக் இடப்பெயர் ஆணையம் அங்குள்ள 101 தீவுகளுக்குப் பிரெஞ்சு இலக்கியத் தொடர்களைப் பெயர்களாகச் சூட்டியது. அம்முகடுகள் முன்னரே கிரீப் பெயர்கள் பெற்றவை என்று கிரீ மக்கள் மறுத்துரைத்தனர்.

ஆங்கிலச் சூழலில் சிறுபான்மையாகத் தம்மை உணரும் ஒரு மக்கள், தம் மொழியைக் காக்கும் விழாவில் மற்றொரு சிறுபான்மையின் பெயர்களை மறைத்தனர். மொழிக்காப்பு நிறுவனங்களில் பணியாற்றுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பெயரிடப்படாத இடம் என்னும் முடிவு பல நேரங்களில் ஆய்வின் முடிவன்று. அது கேளாமையின் விளைவு.

6. இந்தியச் சூழல்

நம் நாட்டில் இத்தகைய திட்டங்களுக்கு ‘நதிநீர் இணைப்பு’ என்பதே வழக்காறு. நீர் பெறும் படுகையிலிருந்து நோக்கினால் அது இணைப்பு; நீர் இழக்கும் படுகையிலிருந்து நோக்கினால் அது திருப்பம். பார்–தாப்தி–நர்மதை இணைப்பைத் தென்குஜராத்தின் பழங்குடியினர் எதிர்த்து, 2022இல் அது கைவிடப்படுவதாக மாநில அரசை அறிவிக்கச் செய்தனர். அப்பகுதியில் குக்னா, வார்லி, டாங்கி ஆகியன வழங்குகின்றன. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோ அறிக்கைச் சுருக்கத்தை ஆங்கிலத்திலும், மாநில ஆட்சிமொழி அல்லது வட்டார மொழியிலும் வேண்டுகிறது. ‘அல்லது’ என்னும் அவ்விடைச்சொல்லால், ஆட்சிமொழியில் தந்தாலே விதி நிறைவேறிவிடுகிறது. பழங்குடி மொழி கட்டாயமாவதில்லை.

7. முடிவுரை

கிரீ மக்களின் எதிர்ப்பு முழுத் தோல்வியுமன்று, முழு வெற்றியுமன்று. பெருந்திமிங்கில ஆற்றுத் திட்டம் 1994இல் நிறுத்தப்பட்டது. 2002 உடன்பாட்டின்வழி ரூபர்ட் ஆறு 2009இல் திருப்பப்பட்டது. உரிமை குறித்த ஆவணங்களில் மூலமொழிக் கூற்றை ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் பேணுதல், தன்மைப் பன்மை வேறுபாட்டையும் அறிந்த வழியைக் காட்டும் வடிவங்களையும் குறிப்புகளில் சுட்டுதல், கலைச்சொல்லைத் தெரியும்போது அம்மக்களின் சொல்லை முதலிற் பதிதல் ஆகிய மூன்றும் மொழிபெயர்ப்பாளரின் குறைந்த அளவுக் கடமைகள் எனலாம். இவை நடை நயம் பற்றியன அல்ல. ஓர் ஆறு எவ்வழி ஓடும் என்பதை முடிவு செய்யும் அவையில், பேசியவர் கூறியது இன்னது என உறுதிப்படுத்துவதற்கு இவையே துணை நிற்பன.