ஜாலியன்வாலா பாக்: எழுத்தில் தங்கியவர்கள்

1919 ஏப்ரல் 13, வைசாகித் திருநாள். அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக்கில் கூடியிருந்தவர்களை ஜெனரல் டயரின் சிப்பாய்கள் பத்து நிமிடம் சுட்டுத் தள்ளினார்கள். செலவான தோட்டா 1,650. மாண்டவர் 379 பேர் என்றது சர்க்கார்; ஆயிரம் பேர் வரை இருக்கும் என்றது காங்கிரஸ் விசாரணை. செய்தி வெளியே கசியாதபடி தணிக்கை இறுகியது. 'பம்பாய் கிரானிகிள்' ஆசிரியர் ஹார்னிமன் நாடுகடத்தப்பட்டார். லாகூர் 'டிரிப்யூன்' ஆசிரியர் காளிநாத் ராய் சிறை சென்றார்.

இதற்கு எதிர்வினையான எழுத்து என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, 'சர்' பட்டத்தைத் துறந்து வைசிராய்க்குத் தாகூர் எழுதிய கடிதம். கம்பீரமான உரைநடை, சந்தேகமில்லை. ஆனால் அதன் மையம் ஒரு தேசத்தின் மானம். செத்தவர்களின் முகம் அதில் தெரியாது. கல்கத்தாவில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை.

முகம் பார்த்தவர் நானக் சிங். இருபதுகளின் தொடக்கத்தில் அந்தத் திடலில் இருந்தார். உடன் வந்த நண்பர்கள் இருவர் செத்தார்கள். இவர் பிணங்களுக்கிடையே மயங்கிக் கிடந்து பிழைத்தார். 1920இல் 'கூனி வைசாகி' (ரத்த வைசாகி) என்ற நெடும்பாட்டைப் பஞ்சாபியில் வெளியிட்டார். சர்க்கார் தடை செய்ததில் நூல் பல்லாண்டுகள் கண்ணில் படாமலே போயிற்று. கூட்டத்துக்குப் பாடிக் காட்ட எழுதிய பாட்டு, குரல் உரத்தே இருக்கிறது.

என் கணக்கில் இந்த வரிசையில் முதலிடம் எந்தக் கவிஞருக்கும் இல்லை, ரத்தன் தேவிக்குத்தான். காந்தி, சி.ஆர். தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, ஜெயகர் ஆகியோர் தயாரித்த காங்கிரஸ் அறிக்கையில் அவருடைய வாக்குமூலம் இருக்கிறது. கணவரின் உடலைக் கண்டெடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு கயிற்றுக் கட்டில் தேடி அலைகிறார். எட்டு மணிக்கு மேல் ஊரடங்கு. உதவிக்கு வர ஆளில்லை. உடல் கிடந்த இடமெல்லாம் ரத்தம் என்பதால் காய்ந்த தரைக்கு நகர்த்தச் சொல்கிறார். அகப்பட்ட மூங்கில் கழியால் நாய்களை விரட்டியபடி விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். காயம்பட்ட பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தன்னை விட்டுப் போக வேண்டாம் என்று கெஞ்சுகிறான். குளிருகிறதா, போர்த்தட்டுமா என்று கேட்கிறார். அவன் தண்ணீர் கேட்கிறான். யாரையும் ஏசாத எழுத்து. விசாரணைக்காகப் பதிந்ததை இலக்கிய வரலாற்றில் சேர்க்கத் தயங்குவது நம் பண்டிதத்தனம்.

அந்த அடக்கத்தைக் கதையில் பிடித்தவர் உருது எழுத்தாளர் மண்டோ. படுகொலையின்போது அமிர்தசரஸில் ஏழு வயது நிரம்பாத சிறுவன். அவருடைய முதல் சொந்தக் கதையான 'தமாஷா'வில் காலித் என்ற சிறுவன், ஊரில் ஏதோ வேடிக்கை நடக்கப்போகிறது என்று காத்திருக்கிறான். கண்ணெதிரே அடிபட்ட பையன் தெருவில் சாய்கிறான். வாத்தியார் அடித்துவிட்டார் என்று பெரியவர்கள் சமாளிக்கிறார்கள். இங்கே பொய்தான் கதையின் கத்தி.

எதிர்த்தரப்பும் எழுதியது. டயருக்காக லண்டன் 'மார்னிங் போஸ்ட்' திரட்டிய நிதி 26,000 பவுனைத் தாண்டிற்று, கிப்ளிங்கும் கொடுத்தார். அந்தத் தரப்பின் மனப்போக்கைக் காட்டும் விதமாக, ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர் 1924இல் வெளியிட்ட நாவலில், இந்தியர்கள் குகைவரை தவழ்ந்து போகட்டும் என்று ஓர் ஆங்கிலச் சீமாட்டி கொதிக்கிறாள். அமிர்தசரஸ் சந்தொன்றில் டயர் போட்ட தவழும் உத்தரவு வாசகர்களுக்கு உடனே நினைவு வந்திருக்கும்.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சங்கரன் நாயர், பஞ்சாப் கொடுமையை ஒட்டி வைசிராயின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். காந்தியைத் தாக்கி 1922இல் எழுதிய நூலில் (வேடிக்கைதான்) பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஓ'டுவையரையும் சாடினார். ஓ'டுவையர் லண்டனில் தொடுத்த அவதூறு வழக்கில் 1924இல் தோற்று 500 பவுன் கட்டினார். நாடகப் பாடலாசிரியர் மதுரகவி பாஸ்கரதாஸ் 'பஞ்சாப் படுகொலை'யைப் பாட்டாக்கினார். அச்சேறிய நூல்கள் நுழையாத ஊர்களுக்கு அமிர்தசரஸைக் கொண்டுபோக நாடகமேடைப் பாட்டால்தான் முடிந்தது. இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பாட்டுகளின் குஜிலிப் பதிப்புகளையும் (மலிவான தெருப் பதிப்புகள்) வாக்குமூலங்களையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் வேலை இன்னும் பாக்கி.