கே. பி. சுந்தராம்பாளும் பிரசாரப் பாட்டும்

தேர்தல் பிரசாரத்துக்குப் பாட்டைத் துணைக்கொள்ளும் வழக்கம் தேசத்துக்கு என்ன செய்தது என்று ஆராயப் புகுவோர், 1908-இல் கொடுமுடியில் பிறந்து, வறுமையினால் சிறு பிராயத்திலேயே நாடகமேடை ஏறிய கே. பி. சுந்தராம்பாளின் வாழ்க்கையைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வழக்கத்தின் பலமும் பலவீனமும் அவரிடத்தில் முழு உருவத்தில் காணக் கிடைக்கின்றன.

ஒலிபெருக்கி வாராத அந்நாளைய ஸ்பெஷல் நாடகத்தில், கொட்டகைக்கு வெளியே நிற்பவனுக்கும் சாஹித்தியத்தின் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டால்தான் நடிகைக்குப் பிழைப்பு உண்டு. அப்பயிற்சியில் முற்றிய சாரீரம் அவருடையது. மேல் ஸ்தாயியில் நின்றபோதும் சொல்லை விழுங்காதது, ராகத்தின் பொருட்டு ழகரத்தையும் றகரத்தையும் மழுங்கவிடாதது. 1933-இல் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா அகால மரணமடைந்தபின், வெள்ளைப் புடவை உடுத்து, ஆடவரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டு ஒதுங்கியிருந்த அவரை மீண்டும் வெளியே கொணர்ந்து, காங்கிரஸ் மேடையில் பாடச் செய்தவர் அக்கட்சித் தலைவர் சத்தியமூர்த்தி.

அவர் பாடிப் பிரசாரம் செய்த 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில், சொத்தும் வரியும் படிப்பும் தகுதியாக வைக்கப்பட்டிருந்தமையால், ஜனத்தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கே வாக்குரிமை இருந்தது. எனவே அவர் பாட்டுக்காகக் கூடியவர்களில் மிகப் பலர் வாக்குச்சாவடியின் வாசலையே மிதிக்க இயலாதவர்கள். வாக்குக் கணக்குப் பார்ப்பவருக்கு இது விரயமாகத் தோன்றலாம். எனக்கோ இதுவே அவர் பிரசாரத்தின் தலையாய சிறப்பாகத் தோன்றுகிறது. பிரசங்கம் கேட்க வீட்டைவிட்டு வாராத பெண்டிரும், எழுத்தறியாத உழவரும், தேசத்தின் காரியம் தம்முடைய காரியமும் ஆகும் என்று உணர்ந்து அக்கூட்டங்களில் அமர்ந்தார்கள்.

ஆயினும், பிரசங்கியைக் கேட்பவன் குறுக்கிட்டு ஒரு வினா எழுப்பலாம். பாட்டைக் கேட்பவன் தலையசைக்கலாம், கண்ணீர் உகுக்கலாம், இன்னொரு முறை பாடச் சொல்லலாம், அவ்வளவே. முருகனை அழைத்த அதே குரல், அதே உருக்கத்தோடு தேசத் தலைவர்களையும் பாடியபோது, தெய்வத்துக்கு உரிய பக்தி அரசியல்வாதிக்கும் பங்கிடப்பட்டது. தலைவன் சொல்வதைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அதனால் வளரவில்லை. இன்றுவரை நம் மேடைகளில் நீங்காத இக்குறைக்கு அவரைப் பொறுப்பாளியாக்குவது அநியாயம். ஆனால் குறை குறைதான்.

எனக்கு மிகுந்த மனவருத்தம் தருவது வேறொன்று. கைம்பெண் ஒருத்தி பொதுமேடை ஏறுவதைச் சமூகம் பொறுத்துக்கொண்டதற்கு அவருடைய துறவுக் கோலமும் ஒரு காரணம்; அக்கோலமே பிற்காலத்தில் அவரைத் திரைப்படங்களில், 1953-இல் ஔவையாராகவும், காங்கிரஸை எதிர்த்து நின்ற மு. கருணாநிதி வசனம் எழுதிய 1964-ஆம் ஆண்டின் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகவும், வணங்கத்தக்க மூதாட்டி வேஷங்களிலேயே நிலைநிறுத்திவிட்டது. 1935-இல் திரையில் நந்தனாராக ஆண்வேஷம் பூண்டு, அதற்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியமும் பெற்ற துணிவுக்கு அதன்பின் இடமில்லாது போயிற்று. அரசியலிலும் நிலைமை இதற்கு வேறன்று. பின்னாளில் சென்னை மேல்சபையில் அவருக்கு ஆசனம் அளித்து மரியாதை செய்தார்கள். ஆனால் அவர் என்ன எண்ணினார் என்பதைக் காட்டிலும் என்ன பாடினார் என்பதையே கட்சியும் ஜனங்களும் கேட்க விரும்பினார்கள்.