பிளேற்றோவின் காவல் மகளிரும் மணிமேகலையின் மாற்றுருவும்

இலட்சிய அரசொன்றினை மனத்தால் வகுத்த கிரேக்க அறிஞர் பிளேற்றோ, தமது ‘குடியரசு’ என்னும் நூலின் ஐந்தாம் பகுதியில், நாடு காக்கும் பணி மகளிர்க்கும் உரித்தென நிறுவினார். அதேன்ஸ் நகர மகளிர் வாக்குரிமையின்றி வாழ்ந்த காலத்தில் எழுந்த கொள்கை இது. அவர் காட்டும் நியாயம் எளியது. வழுக்கைத் தலையர் செருப்புத் தைக்கலாமாயின், தலைமயிர் உடையார் அத்தொழிலுக்கு ஆகார் என விலக்குவார் உளரோ? அவ்வாறே, மகப்பேறு பற்றிய வேற்றுமை ஆளுந் திறனுக்கு இயைபுடையதன்று. ஒத்த இயல்பினர்க்கு ஒத்த கல்வியும் ஒத்த பணியும் அளித்தலே முறை.

எனினும், இக்கொள்கை குறையற்றதன்று. பெரும்பாலும் எத்தொழிலிலும் பெண் ஆணினும் வலிகுறைந்தவள் என அந்நூலே கூறுகின்றது. அது வழங்கும் சமத்துவமும் காவலர் குலத்துக்கே உரியது. அரசின் நன்மை கருதியதேயன்றிப் பெண்ணின் உரிமை கருதியதன்று. பிளேற்றோவின் மாணவராகிய அரிஸ்டோட்டிலோ, ஆளும் இயல்பு ஆணுக்கே உரியதென்று அச்சிறு வாயிலையும் அடைத்தார்.

இவ்வினாவைத் தமிழ்க் காப்பியம் வேறொரு முகமாக அணுகுகின்றது. மணிபல்லவத்தை நயினாதீவெனக் கொள்வார் பலர். அத்தீவிலேதான் மணிமேகலை தன் பழம்பிறப்பை உணர்ந்தாள். வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தையும் பெற்றாள். அம்மந்திரம் எற்றுக்கு? இளம் பெண்ணென எண்ணிச் சமயவாதிகள் தம் நூற்பொருளை அவளுக்கு உரையார் என்பதே தெய்வம் கூறிய காரணம். அவ்வாறே வஞ்சி மாநகரில் ஆண் துறவியின் உருவில் நின்று அவள் பல சமயப் பொருளும் கேட்டாள். பிளேற்றோவின் கழகத்திற் பயின்ற அக்சியோதியா என்பாளும் ஆணுடை அணிந்திருந்தாள் என்பது பழைய வரலாற்றுக் குறிப்பு. கொள்கையிற் சமத்துவம் பேசிய கழகத்திலும் அவ்வுடை காணப்பட்டமை சிந்திக்கற்பாலது.

சாத்தனாரின் நோக்கு ஈண்டுச் சிறக்கின்றது. குறை கற்பாளிடத்தன்று, கற்பிப்பாரிடத்தே என்பது அவர் காட்டும் உண்மை. பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு, அவளது சொந்த உருவிலேயே, அளவை நூலின் நுட்பங்களை உரைக்கின்றார். அவளும், மாற்றுருவைக் களைந்தது போலவே வஞ்சியிற் கேட்ட கொள்கைகளையும் உளங்கொள்ளாது விடுத்ததாகக் கூறுகின்றாள். உருமாறிக் கேட்டவை நில்லாதொழிய, உருமாறாது கேட்டதே நிலைத்தது.

ஆயினும் மணிமேகலை கற்றாள், துறந்தாள், ஆளவில்லை. ஆட்சியையும் மகளிர்க்கு அளித்த வகையிற் பிளேற்றோவே ஒருபடி மேற்சென்றவர்.

இவ்வினா ஏட்டளவில் அமைவதன்று. தீவக ஆடவர் பலர் வாணிகத்தின் பொருட்டுத் தென்னிலங்கை சென்று தங்கிய நாளில், ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் வீட்டையும் தோட்டத்தையும் நடத்தியவர் மகளிரே. 1931ஆம் ஆண்டில் இலங்கைப் பெண்கள் வாக்குரிமையும் பெற்றனர். ஆனால், தேசவழமையை ஒட்டி எழுந்த 1911ஆம் ஆண்டுச் சட்டமோ, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையும் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பொதுவாக விற்றல் இயலாதென்றது. சீதனக் காணி அவளுடையது. அதனை ஆளும் அறிவு அவளுக்கு இல்லையெனக் கருதியதோ சட்டம்! இத்தகைய விதிக்கு இயற்கையைச் சான்று காட்டல் பொருந்தாது. இயல்பு இதுவெனத் துணிதற்கு முன் வாய்ப்பை ஒப்ப அளித்தல் வேண்டும். அதன் பின்னரே இயற்கை எதனை மறுத்தது, வழக்கம் எதனை மறுத்தது என்பது புலனாகும்.