மனோவைத்தியமும் நமது கதைகளும்

ராசாவிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை, தஞ்சோங் மாலிம் முதலிய ஊர்களைக் கடந்து, ஈப்போவுக்கு அப்பால் தஞ்சோங் ரம்புத்தானையும் சேர்கிறது. அங்கே 1911-ஆம் ஆண்டில் மனோவியாதியஸ்தர்களுக்கென ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. பிற்காலத்தில் அதற்கு ‘பஹாகியா’, அதாவது மகிழ்ச்சி, என்று மலாயில் பெயரிட்டார்கள். பெயரை மாற்றி என்ன பயன்? இன்றைக்கும் தோட்டத்திலோ பட்டணத்திலோ ஒருவனை இழிவுபடுத்த ‘இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு’ என்றால் போதும். கேட்டவர் அனைவரும் சிரிப்பர். ஓர் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரே வசைச்சொல்லாகிவிட்ட நாட்டில், மாதக்கணக்காகத் தூக்கமின்றித் தவிக்கும் ஒரு தாய் வைத்தியரிடம் போகக் கூசுவதில் ஆச்சரியம் உண்டோ?

இந்தக் கூச்சத்திற்குக் காரணம் அறியாமை என்பார் பலர். நமது அபிப்பிராயம் அதுவன்று. அறியாதவன் கேட்டறிந்து கொள்வான். நம்மவரோ மனோவைத்தியம் இன்னதென்று ஏற்கெனவே அறிந்துவிட்டதாக நம்புகின்றனர். அவர்களுக்கு அதைக் கற்பித்தவை நமது படக்கதைகளே. ஆகையால் அவற்றுள் யாவரும் அறிந்த மூன்றை எடுத்துச் சற்றே ஆராய்வோம்.

முதலாவது ‘சந்திரமுகி’ (2005). இதில் வரும் மனோவைத்தியர் மெத்தப் படித்தவர். கங்கையைப் பிடித்தது பேயன்று, நோயே என்று அறிந்தவர். அதுவரை கதை பகுத்தறிவின் பக்கம் நிற்கிறது. ஆனால் நோய் தீரும் இடம் எது? பூசையும் மந்திரமும் நிறைந்த மண்டபம். பழிதீர்த்துக் கொண்டதாக அவளை நம்பவைத்து, அவளுக்குத் தெரியாமலே அவள் நோயைத் தீர்க்கிறார்கள். வைத்தியர் பேசுகிறார், கணவன் சம்மதிக்கிறான், மந்திரவாதி உதவுகிறார். நோயாளியின் வாய்மொழிக்கு மட்டும் இடமில்லை. இதைக் கண்ட பெண்ணொருத்தி, ‘வைத்தியரிடம் போனால் என்னை மயக்கி என் இரகசியத்தைப் பிடுங்கிவிடுவார்’ என்று அஞ்சினால் குற்றம் யாருடையது?

பேச்சினால் மனநோயை ஆற்றும் முறை தோன்றிய வரலாறு இதற்கு நேர்மாறானது. 1880 முதல் 1882 வரை வியன்னா நகரில் புரோயர் என்னும் வைத்தியரிடம் பெர்த்தா பாப்பென்ஹைம் என்ற இளம்பெண் சிகிச்சை பெற்றார். தம் துன்பங்களைத் தாமே வாய்விட்டுச் சொல்லி ஆறுதல் கண்ட அவர், ‘பேச்சுச் சிகிச்சை’ என்று அதற்குப் பெயரும் இட்டார். பெயரிட்டவர் வைத்தியர் அல்லர், நோயாளி! அவருக்கு உடனே பூரண குணம் கிட்டவில்லை. பின்னும் சில காலம் மருத்துவ விடுதிகளில் தங்க நேர்ந்தது. ஆயினும் அதே பெண்மணி 1904-இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவி, பெண்களின் உரிமைக்காக உழைத்த சீர்திருத்தக்காரராக விளங்கினார். நம் வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் வைத்தியத்தை நான்கு கூறாக்கி, நோயாளியையே முதற்கூறாக வைத்தார் அல்லவா?

இரண்டாவது ‘மூன்றாம் பிறை’ (1982). விபத்தினால் குழந்தை மனம் கொண்ட விஜி, குணமடைந்ததும் தன்னைக் காத்தவனையே மறந்து போகிறாள். கலையழகில் இக்கதை உயர்ந்தது, அழாதவர் இலர். ஆனால் ‘குணமடைந்தால் நான் நானாக இருக்கமாட்டேன், மருந்து என்னை வேறொருத்தியாக்கிவிடும்’ என்னும் அச்சத்தை இதைவிட அழகாக ஊட்டிய படம் வேறில்லை. உண்மையில் மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் நினைவைத் துடைப்பவை அல்ல. அவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அபினைப் போல அடிமைப்படுத்துவனவும் அல்ல. எனினும் வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது. எல்லோருக்கும் மருந்து வேண்டும் என்பதுமில்லை. பலருக்குச் சில மாத காலம் முறையாக அமர்ந்து பேசுவதே போதுமானது.

மூன்றாவது ‘3’ (2012). கதாநாயகன் தன் நோயை மனைவிக்கு மறைக்கிறான், தோழனும் உடந்தையாகிறான், முடிவு மரணம். கொன்றது நோய் மட்டுமன்று, மறைவும் கூட என்று கதை உணர்த்தியிருக்கலாம். ஆனால் அந்த மறைவைத் தியாகமாகக் காட்டிவிட்டது. அங்கேதான் பிழை.

‘கதை கதைதானே? அது வைத்திய நூலா?’ என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஒரு கதை எப்படியும் இருக்கட்டும். பெரும்பாலான கதைகள் ஒரே வழியில் சென்றால் அது ஊரின் அறிவாகிவிடுகிறது. ‘இறுகப்பற்று’ (2023) போன்ற படத்தில் தம்பதிகளின் எதிரே அமர்ந்து பொறுமையாகச் செவிசாய்க்கும் ஒரு மாதைக் காண்கிறோம். இத்தகையவை இன்னும் பல வேண்டும்.

நிற்க. நம் மக்களின் அச்சம் முழுதும் கதையால் வந்தது என்று சொல்வது நியாயமாகாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளை அடைத்துவைத்த கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த அவர்கள் ஓடவும் வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது வைத்தியத்தின்மேல் கொண்ட நம்பிக்கையன்று, வைத்தியத்தைத் தவிர்த்த நம்பிக்கை. மலேசியாவிலோ, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கும் 309-ஆம் பிரிவு 2023 வரை சட்டத்தில் இருந்தது. அதனை அவ்வாண்டு பாராளுமன்றம் நீக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று அஞ்சியவர் அந்நாளில் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. இன்று அக்காரணம் இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ‘அந்நியரிடம் வீட்டுக் கதையைச் சொல்வதா?’ என்று கேட்கும் அதே குடும்பம், சாமியாடியிடம் குறி கேட்கப் போகும்போது என்ன செய்கிறது? மாமியார் பூசலும் மகனின் குடியும் பத்துப்பேர் நடுவே வெளியாகின்றன. அதற்காக எவரும் அவர்களைப் பைத்தியம் என்பதில்லை. ஏன்? ‘உன்மேல் குற்றமில்லை, யாரோ செய்வினை செய்தார்’ என்று குறி சொல்கிறது. நோய் உன்னிடம் உள்ளது என்று வைத்தியர் சொன்னால் மானம் போவதாக நினைக்கிறோம். நீரிழிவு நம்மிடம் உள்ளது என்று சொன்னால் மானம் போவதில்லையே!

வைத்திய அறையில் நடப்பதோ மிகச் சாதாரணமானது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். தூக்கம் எப்படி, பசி எப்படி, வேலையில் மனம் செல்கிறதா, எத்தனை நாளாய் என்று கேட்பார்கள். சொல்ல விரும்பாததை அன்றே சொல்ல வேண்டியதில்லை. வேண்டுமானால் நிபுணரிடம் அனுப்புவார்கள். மனநல ஆலோசகர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. சொன்னதைக் காப்பது அவர் கடமை. உயிருக்கு ஆபத்து நேர்வது போன்ற சில நிலைகளில் மட்டும் அதற்கு விலக்குண்டு. லயத்து வீட்டின் மெல்லிய பலகைச் சுவர் காக்காத இரகசியத்தை அந்த அறை காக்கும்.

2023-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் 16 வயதும் அதற்கு மேலுமான மக்களுள் 100-க்கு 4.6 பேர் மனச்சோர்வால் வருந்துகின்றனர். அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேர். அவர்களுள் நம் தோட்டத்தாரும் பட்டணத்தாரும் உண்டு. எழுத்தாளத் தோழர்களே, பேயும் சங்கிலியும் போதும். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து பேருந்தேறிக் கிளினிக்குக்குப் போய், தன் முறைக்குக் காத்திருந்து, தன் வாயால் பேசி, அதே பெயரோடும் அதே மனத்தோடும் சற்றே இலேசாகி வீடு திரும்பும் ஒரு தாயின் கதையை எழுதுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை எவரேனும் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொல்லிச் சிரித்தால் உடன் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு வாய்மூடி நிற்பவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.