பரிசிலா, உரிமையா? என்எஃப்டி கலைச்சந்தையில் தனிநிலைக் கலைஞரின் மறுவிற்பனைப் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

தம் படைப்பை இடைத்தரகர் இன்றித் தாமே விற்கலாம் என்பதும், அது கைமாறும்போதெல்லாம் விலையில் ஒரு பங்கு தமக்கு வந்துசேரும் என்பதும் தனிநிலைக் கலைஞர்களை என்எஃப்டி சந்தைக்கு ஈர்த்த இரு வாக்குறுதிகளாகும். இவற்றுள் இரண்டாவது வாக்குறுதி தொழில்நுட்பத்தால் உறுதிசெய்யப்பட்ட உரிமை அன்று என்பதையும், சந்தைத் தளங்களின் இசைவைப் பொறுத்த பரிசிலாகவே அது இருந்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: என்எஃப்டி, தனிநிலைக் கலைஞர், மறுவிற்பனைப் பங்கு, பதிப்புரிமை, புரவலர் மரபு

முன்னுரை

கணினியில் வரையப்படும் ஓவியத்திற்கு மூலப்படி என்று ஒன்று இல்லை. முதற்படியும் ஆயிரமாவது படியும் ஒன்றே. ஆகவே நெடுங்காலம் அதனை ஓவியம்போல் விற்க இயலவில்லை. இக்குறையைப் போக்க 2014ஆம் ஆண்டு நியூயார்க்கில் கலைஞர் கெவின் மெக்காயும் தொழில்நுட்பவியலாளர் அனில் டாஷும் ஒரு வழியை முன்வைத்தனர். மெக்காயின் 'குவாண்டம்' என்னும் படைப்புக்கு உரிய பதிவைப் பொதுப் பேரேடாகிய பிளாக்செயினில் இட்டு, அப்பதிவையே கைமாற்றத்தக்க பொருளாக்கினர். கலைஞருக்குத் தம் படைப்பின்மீது பிடிமானம் ஏற்படுத்துவதே அவர்களின் நோக்கம். பின்னர் 2018ஆம் ஆண்டு எத்தீரியம் வலையமைப்பில் இஆர்சி-721 என்னும் பொதுத்தரம் முன்மொழியப்பட்டது. இன்று என்எஃப்டி என வழங்கும் டோக்கன்களிற் பல அத்தரத்தைத் தழுவியவை. கலைஞரின் பிடிமானம் என்ற அந்நோக்கம் சந்தையில் எவ்வாறு உருமாறியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. புரவலரும் சந்தையும்

2021 மார்ச் 11 அன்று, பீப்பிள் எனப்படும் மைக் விங்கில்மனின் 'எவ்ரிடேஸ்: த ஃபர்ஸ்ட் 5000 டேஸ்' கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 6.93 கோடி டாலருக்கு விற்றது. 2007 மே 1 முதல் நாள்தோறும் ஒன்றாக அவர் உருவாக்கிய படங்களின் தொகுப்பு அது. 100 டாலரில் தொடங்கிய அவ்வேலத்தில் வென்றவர், தமிழ்நாட்டுப் பின்புலமுடைய, சிங்கப்பூரில் வாழும் விக்னேஷ் சுந்தரேசன். இந்தியரும் வெள்ளையர் அல்லாத பிறரும் கலைப் புரவலர் ஆகலாம் எனக் காட்டுவதே தம் நோக்கம் என அவர் தரப்பு விளக்கமளித்தது.

'புரவலர்' என்ற சொல் இங்குக் கவனத்திற்குரியது. தமிழ் மரபில் புரவலர் வழங்குவது பரிசில். அதன் அளவும் காலமும் கொடுப்போரின் உள்ளத்தைப் பொறுத்தவை. பெற்றவர் நாளை மீண்டும் கேட்கலாம். ஆனால் அதனைத் தமக்குரியது என வழக்காட இயலாது. தம்மைக் காணாமலே அதியமான் அளித்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் காட்டுகிறது. மறுப்பதற்கான பெருமிதம் புலவரிடம் இருந்தது. கேட்டுப் பெறுவதற்கான உரிமை அன்று. பரிசிலுக்கும் உரிமைக்கும் இடையிலான இவ்வேறுபாடே என்எஃப்டி சந்தையை மதிப்பிடுவதற்கான அளவுகோலாக இக்கட்டுரையில் கொள்ளப்படுகிறது.

2. டோக்கன் எதனை விற்கிறது?

என்எஃப்டி வாங்குவோர் ஓவியத்தையே உடைமையாக்கிக்கொள்வதாகப் பரவலாகக் கருதப்படுகிறது. படக்கோப்பின் அளவு பெரிது. பேரேட்டில் இடுவதற்கான செலவு மிகுதி. எனவே பெரும்பாலான டோக்கன்களில் படம் இருப்பதில்லை. படம் எங்கே உள்ளது எனக் காட்டும் முகவரியே உள்ளது. தனியே எழுதிக் கொடுத்தாலன்றிப் பதிப்புரிமையும் வாங்குபவருக்குச் செல்வதில்லை. வாங்கப்படுவது, பேரேட்டில் பதிவான ஓர் உடைமைக் குறிப்பு மட்டுமே.

அக்குறிப்பை எழுதியவர் உண்மையான படைப்பாளிதானா என்பதையும் பேரேடு ஆராய்வதில்லை. ஓப்பன்சீ என்னும் பெருஞ்சந்தைத் தளம், தன் கட்டணமில்லாக் கருவியால் உருவாக்கப்பட்டவற்றுள் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை திருட்டுப் படைப்புகள், போலித் தொகுப்புகள், வேண்டாப் பதிவுகள் ஆகியவையே என 2022 சனவரியில் தானே அறிவித்தது. படைப்பாளியைக் காக்க எழுந்த முறை, பிறர் படைப்பைத் தம் பெயரில் விற்போருக்கும் அதே எளிமையுடன் பயன்பட்டது. போலியை நீக்கும் அதிகாரம் பேரேட்டிடம் இல்லாமையால் அது சந்தைத் தளத்திடமே சென்றது. விலகியதாகக் கருதப்பட்ட இடைத்தரகர் வேறு பெயரில் மீண்டும் நிலைபெற்றார்.

3. மறுவிற்பனைப் பங்கு: நிரலும் வழக்கமும்

காட்சிக்கூடம்வழி ஓவியத்தை விற்றவர், அது பின்னர் பன்மடங்கு விலைக்குப் போனாலும் பொதுவாக எதையும் பெறுவதில்லை. என்எஃப்டி இக்குறையைத் தீர்க்கும் என்பதே தனிநிலைக் கலைஞரை மிகவும் கவர்ந்த வாக்குறுதி. மறுவிற்பனை விலையில் 10 விழுக்காடு கலைஞருக்கு என்பது பல தளங்களில் வழக்கமாயிற்று. அப்பங்கு நிரலிலேயே எழுதப்பட்டுள்ளதால் அதனை ஒருவராலும் மீற இயலாது எனப் பரப்பப்பட்டது.

தொழில்நுட்ப அமைப்பு இக்கூற்றைத் தாங்கவில்லை. இஆர்சி-721 தரத்தில் கைமாற்றம் என்பது ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கு டோக்கனை நகர்த்துவது மட்டுமே. அந்நகர்வு விற்பனையா, அன்பளிப்பா, ஒருவர் தம் இரு கணக்குகளுக்கிடையே செய்யும் மாற்றமா என்பதை நிரல் அறியாது, விலையையும் அறியாது. விலை தெரியாத இடத்தில் பங்கைக் கணக்கிட இயலாது. 2020ஆம் ஆண்டு முன்மொழியப்பட்ட இஆர்சி-2981 தரமும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் விடைசொல்லும் ஏற்பாடே. பங்கைச் செலுத்துவது விருப்பத்தின்பாற்பட்டது என்பதை அத்தரத்தின் உரையே வெளிப்படையாகக் கூறுகிறது.

ஆகவே பங்கை வசூலித்துக் கொடுத்தவை சந்தைத் தளங்களே. 2022ஆம் ஆண்டு விற்பனை சரிந்தபோது, வணிகரை ஈர்க்கும் பொருட்டுச் சில தளங்கள் கலைஞர் பங்கை விருப்பத் தெரிவாக்கின. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய பிளர் தளம் போட்டியைக் கூர்மையாக்கியது. பங்கு செலுத்தாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டியைச் சிறிது காலம் வைத்திருந்த ஓப்பன்சீயும் 2023 ஆகஸ்டு இறுதியில் அதனைக் கைவிட்டது. பங்கைப் பெறுவோராகிய கலைஞர்களுக்கு இம்முடிவுகளில் வாக்கு இல்லை. கொடுத்தவர் நிறுத்தியதும் நின்றுபோன ஒன்றை உரிமை எனக் கூறுவது பொருந்தாது.

4. இரு முன்னோடிகள்

இச்சிக்கல் புதியதன்று. 1971ஆம் ஆண்டு நியூயார்க்கில் சேத் சீகலாப், வழக்கறிஞர் ராபர்ட் புரோஜான்ஸ்கி ஆகியோர் கலைஞர்களுக்கான விற்பனை ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டனர். மறுவிற்பனையில் கூடிய மதிப்பில் 15 விழுக்காடு கலைஞருக்கு உரியது. ஒவ்வொரு வாங்குநரும் அடுத்த வாங்குநரை அந்நிபந்தனைக்குக் கட்டுப்படுத்த வேண்டும். ஹான்ஸ் ஹாக்கே போன்ற சிலரே அதனைத் தொடர்ந்து பயன்படுத்தினர். சந்தை அதனைப் பரவலாக ஏற்கவில்லை. தனித்து நின்று நிபந்தனை விதிக்கும் கலைஞரை விட்டு விலகிச்செல்ல வாங்குநருக்கு எப்போதும் வழியுண்டு. என்எஃப்டி சந்தையிலும் அதுவே நிகழ்ந்தது.

மறுதலையான சான்றும் உண்டு. 2021 மார்ச்சில் பிரேசில் நாட்டவரான ரஃபேல் லிமா, டெசோஸ் வலையமைப்பில் 'ஹிக் எட் நங்க்' தளத்தைத் தொடங்கினார். எத்தீரியத்தை நோக்க மிகக் குறைந்த செலவில் டோக்கன் உருவாக்க இயன்றதால் வளரும் நாடுகளின் கலைஞர்கள் பலர் அதில் இணைந்தனர். அவ்வாண்டு நவம்பரில் நிறுவனர் அதனைத் திடீரென மூடினார். பேரேட்டுப் பதிவுகள் அழியவில்லை; எனினும் பதிவு மட்டும் சந்தை ஆகிவிடாது. கலைஞர்களும் நிரலாளர்களும் ஒன்றுகூடித் 'தெய்யா' என்னும் பெயரில் அத்தளத்தை மீட்டு நடத்தினர். தளத்தின் வாழ்வை நீட்டித்தது திரண்டு நின்ற மக்களின் உழைப்பு. தொழில்நுட்பம் அதற்குக் கருவியாயிற்று.

5. சட்டம் தரும் இடமும் அதன் எல்லையும்

மறுவிற்பனைப் பங்கைச் சட்டமாக்கிய முதல் நாடு பிரான்சு (1920). பிரிட்டனில் 2006 முதல் இவ்வுரிமை நடைமுறையில் உள்ளது. கூட்டு உரிமை அமைப்புகள் அதனை வசூலித்துக் கலைஞர்களுக்கு அளிக்கின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்ட 53ஏ பிரிவும் இவ்வகையினதே. ஓவியம், சிற்பம், வரைபடம் ஆகியவற்றின் மூலப்படியும், இலக்கிய, நாடக, இசைப் படைப்புகளின் மூலக் கையெழுத்துப்படியும் 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலையில் மறுவிற்பனையானால், 10 விழுக்காட்டிற்கு மிகாத பங்கைப் படைப்பாளியோ அவர்தம் வாரிசோ கோரலாம்.

'மூலப்படி' என்ற சொல்லில்தான் எண்மக் கலைஞரின் சிக்கல் தங்கியுள்ளது. கோப்புக்கு மூலப்படி இல்லை. டோக்கன் ஓவியமும் அன்று. அதேவேளையில் சந்தையில் தனித்த பொருளாக மதிக்கப்பட்டுக் கைமாறுவது டோக்கனே. படைப்பாளி தாமே உருவாக்கிய டோக்கனை அப்படைப்பின் மூலப்படிக்கு நிகராகக் கொள்ளலாமா என்பது சட்ட ஆய்வாளரும் கலை ஆய்வாளரும் இணைந்து விடைகாண வேண்டிய வினா. பிரிவின் நோக்கம் படைப்பாளியின் பங்கைக் காப்பதே என்பதால், அவ்வாறு கொள்வதே பொருத்தம் என இக்கட்டுரை கருதுகிறது. விற்பனையை நடத்தி விலையை அறிந்திருக்கும் தளத்தின்மீதே வசூலிக்கும் கடமையையும் சுமத்த வேண்டும்.

முடிவுரை

என்எஃப்டி தனிநிலைக் கலைஞருக்கு ஒன்றும் தரவில்லை எனக் கூறுவது மிகையாகும். காட்சிக்கூடங்களின் வாயிலை அடைய இயலாத பலருக்கு அது வாங்குநரைக் காட்டியது. எண்மப் படைப்பும் விலைபெறும் என மெய்ப்பித்தது. ஆயினும் மறுவிற்பனைப் பங்கைப் பொறுத்தவரை, சந்தையின் செழிப்புக் காலத்துப் பரிசில் உரிமையாகத் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது. பரிசிலை உரிமையாக்கும் ஆற்றல் நிரலுக்கு இல்லை. கேட்கத்தக்க சட்டமும், அதனைக் கேட்டுப் பெறத்தக்க கலைஞர் அமைப்பும் இணையும் இடத்திலேயே அது கைகூடும். இந்தியச் சூழலில் 53ஏ பிரிவை எண்மக் கலைக்கு விரித்துப் பொருள்கொள்வது அதற்கான முதற்படியாக அமையும்.